கோர்ட்டு சொல்லியாச்சு... காப்பகம் எங்கே? வாசுதேவநல்லூர் வட்டார தெருநாய் பிரச்சினையும் கூலிக்காரர் வீட்டு கணக்கும்

வாசுதேவநல்லூர்:-

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம், விளையாட்டு மைதானம். இந்த இடங்களில் தெருநாயே இருக்கக்கூடாது. இருக்கிற நாய்களை பிடித்து, கருத்தடை ஆபரேசன் செய்து, வெறிநாய் தடுப்பூசி போட்டு, காப்பகத்தில் கொண்டுபோய் விடவேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது.

2025-ம் ஆண்டு நவம்பர் 7-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு போட்ட உத்தரவு இது. டெல்லிக்கு மட்டும் அல்ல, நாடு முழுவதுக்கும் சேர்த்து போட்ட உத்தரவு. வாசுதேவநல்லூர் பேரூராட்சியும் இதில் அடக்கம்.

உத்தரவை கேட்டதும் பெற்றோர்களுக்கு நிம்மதி. ஆனால் அடுத்த நிமிடமே ஒரு கேள்வி வந்து நிற்கிறது. பிடித்த நாயை எங்கே கொண்டுபோய் விடுவது? தமிழ்நாட்டில் பெரும்பாலான பேரூராட்சிகளுக்கு நாய் காப்பகம் என்று ஒரு கட்டிடமே கிடையாது. பல ஊரில் குப்பை கொட்டவே இடம் தேடி அலைகிறார்கள். இதில் நாய்க்கு எங்கே இடம் தேடுவது?

அதைவிட பெரிய கேள்வி இன்னொன்று. காப்பகம் என்றால் என்ன? நாயை ஆயுளுக்கும் அடைத்து வைக்கிற ஜெயிலா? இல்லை, ஊர் நாய், வீட்டு நாய், ஏழை வீட்டு ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் கைகொடுக்கிற ஆஸ்பத்திரியா? இதில் எதை கட்டுகிறோம் என்பதை பொறுத்துத்தான் ஊருக்கு லாபமா, நஷ்டமா என்பது இருக்கிறது.

மலையடிவார ஊர்

மதுரையில் இருந்து தென்காசி போகிற ரோட்டில் ராஜபாளையம், சிவகிரி தாண்டினால் வாசுதேவநல்லூர். அடுத்து புளியங்குடி. மேற்கே பார்த்தால் மலை. 2019-ம் ஆண்டு நவம்பர் மாதம் நெல்லையில் இருந்து பிரித்து தென்காசி தனி மாவட்டம் ஆனபோது இந்த வட்டாரமும் கூடவே வந்தது. மலைக்காடுகள் 2015-ம் ஆண்டு முதல் நெல்லை வனவிலங்கு சரணாலயம்.

இந்த பக்கத்தில் நாய் இல்லாத தோட்டம் பார்ப்பது கஷ்டம். எலுமிச்சை, தென்னை, கரும்பு, நெல் என்று எது போட்டாலும் ராத்திரி காவலுக்கு ஒரு நாய் வேண்டும். காட்டுப்பன்றி வந்தால் குரைக்கும். ஆள் வந்தாலும் குரைக்கும். யானை இறங்கினால் முதலில் சத்தம் கொடுப்பதும் அதுதான். சம்பளம் கேட்காத வாட்ச்மேன் என்று விவசாயிகள் சொல்வது சும்மா இல்லை.

நாய் என்றால் சாதாரண பெருமையா? பக்கத்து ராஜபாளையம் பேரில் ஒரு நாய் இனமே இருக்கிறது. 2005-ம் ஆண்டு ஜனவரி மாதம் தபால்துறை 4 இந்திய நாய்களுக்கு ஸ்டாம்பு வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே இந்த தென்பகுதி சரக்குதான். சென்னை சைதாப்பேட்டையில் இந்த நாட்டு நாய்களுக்காகவே அரசு முன்பு ஒரு பண்ணை வைத்து நடத்தியது.

அப்படிப்பட்ட வட்டாரத்தில்தான் இன்று நாய் என்றாலே பயம். குழந்தையை தனியாக கடைக்கு அனுப்ப யோசிக்கிறார்கள். கறிக்கடை கழிவு கொட்டும் இடத்தில் 10 நாய் கூட்டமாக நின்றால் சைக்கிள்காரர் சுற்றுப்பாதையில் போகிறார். விடியற்காலை பால் ஊற்றப் போகிறவர், முதல் பஸ்சுக்கு ஓடுகிற கூலித்தொழிலாளி, டியூசன் முடிந்து வரும் பிள்ளைகள்... நாய்க்கு பயப்படுவது எல்லாம் நடந்து போகிற ஜனம்தான். காரில் போகிறவருக்கு இந்த தொல்லை இல்லை.

நாய் கடிச்சா கூலி போச்சு

தமிழ்நாட்டில் 2024-ம் ஆண்டு மட்டும் நாய்க்கடி 4 லட்சத்து 80 ஆயிரத்தை தொட்டது. வெறிநாய்க்கடி நோயான ரேபிசால் 43 பேர் செத்துப்போனார்கள். நாடு முழுவதும் அதே ஆண்டில் 37 லட்சம் பேருக்கு மேல் கடிபட்டார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 59 ஆயிரம் பேரை இந்த நோய் கொல்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

ஊசி இலவசம்தானே, அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம்தான். ஆனால் ஒரே நாளில் முடியாது. முதல் நாள், 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள் என்று 4 தடவை போகவேண்டும். ஒரு நாள் கூலி ரூ.500 என்று வைத்தாலும் ரூ.2 ஆயிரம் போச்சு. கடிபட்டது குழந்தை என்றால் கூடவே அம்மாவும் போகவேண்டும். தோட்ட வேலைக்கு போகிற அம்மாவாக இருந்தால் கூலி கட். வீட்டில் பீடி சுற்றுகிறவர் என்றால் அன்றைய கட்டு குறையும். பஸ் செலவு, டீ செலவு தனி. காயம் ஆழமாக இருந்தால் காயத்தை சுற்றி போடுகிற இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். அது எல்லா சின்ன ஆஸ்பத்திரியிலும் கையில் இருக்கும் என்று சொல்லமுடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்து விடுவார்கள்.

இந்த அலைச்சலுக்கு பயந்துதான் பலர் 2 ஊசியோடு நிறுத்தி விடுகிறார்கள். "நம்ம வீட்டு நாய்தானே, சும்மா நகம் பட்டுச்சு" என்று விட்டு விடுகிறவர்களும் உண்டு. அங்கேதான் எமன் நிற்கிறான். ரேபிஸ் அறிகுறி தெரிந்து விட்டால் அநேகமாக பிழைக்க வழியே இல்லை. தண்ணீரை பார்த்து மிரளும் கட்டத்துக்கு வந்த நோயாளியை எந்த டாக்டராலும் திரும்ப கொண்டுவர முடியாது. ஆனால் கடித்த உடனே ஒழுங்காக ஊசி போட்டால் தடுத்து விடலாம். பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1885-ம் ஆண்டு ஜூலை 6-ந்தேதி ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டு காப்பாற்றினார். 140 ஆண்டுக்கு முன்பே மருந்து கண்டுபிடித்த நோய்க்கு இன்றும் ஆள் சாவது கொடுமை இல்லையா?

கடித்தவுடன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் காயத்தை கழுவவேண்டும். குழாய் இல்லாவிட்டால் ஒருவர் குடத்தில் ஊற்ற இன்னொருவர் கழுவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது. மந்திரிக்க போய் நேரத்தை தொலைக்கக்கூடாது. நேராக ஆஸ்பத்திரி.

3 மாதத்தில் 3 உத்தரவு

கோர்ட்டு விஷயத்துக்கு வருவோம். 2025-ல் நடந்ததை வரிசையாக பார்த்தால்தான் குழப்பம் புரியும்.

ஆகஸ்டு 11-ந்தேதி 2 நீதிபதிகள் அமர்வு, டெல்லி சுற்றுவட்டார தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கவேண்டும், திரும்ப விடக்கூடாது என்றது. நாய் பிரியர்கள் ரோட்டுக்கு வந்தனர். இன்னொரு பக்கம் கடிபட்டவர்கள் வரவேற்றனர். டி.வி.யில் ஒரே சண்டை.

11 நாளில் காட்சி மாறியது. ஆகஸ்டு 22-ந்தேதி 3 நீதிபதிகள் அமர்வு, கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாயை பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. வெறிபிடித்த நாய், ஆட்களை பார்த்தாலே பாய்கிற நாய் இரண்டுக்கும் மட்டும் விலக்கு கிடையாது. கண்ட இடத்தில் சோறு வைக்கக்கூடாது, வார்டுக்கு ஒரு இடம் ஒதுக்கி அங்கேதான் வைக்கவேண்டும் என்றும் சொன்னது. வழக்கை நாடு முழுவதுக்கும் விரிவாக்கியதும் அன்றைக்குத்தான்.

நவம்பர் 7-ல் வந்ததுதான் முதலில் சொன்ன உத்தரவு. அதாவது தெருவில் இருக்கிற நாயை கருத்தடை செய்து அதே தெருவில் விடலாம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையத்தில் பிடித்த நாயை விடக்கூடாது. ஹைவேயில் சுற்றும் மாடுகளையும் அப்புறப்படுத்த வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. ராத்திரி மதுரை ரோட்டில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு அந்த வரியின் அருமை தெரியும்.

ஆக, ஊரில் இருக்கிற எல்லா நாயையும் அடைக்கச்சொல்லி இந்த உத்தரவுகளில் இல்லை. இதை பலர் சரியாக புரிந்துகொள்ளவில்லை. வார்டு மெம்பரிடம் போய் "கோர்ட்டே சொல்லிருச்சு, எல்லாத்தையும் பிடிங்க" என்று சண்டை போட்டு பயன் இல்லை.

அடைத்து வைத்தால் என்ன ஆகும்?

ஒரு கணக்கு போட்டு பார்ப்போம். ஒரு ஊரில் 500 தெருநாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் அடைக்கிறோம். ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு சோறு, கறிக்கழிவு என்று வெறும் ரூ.40 செலவு என்றாலும் தினமும் ரூ.20 ஆயிரம். மாதம் ரூ.6 லட்சம். ஆள் சம்பளம், தண்ணீர், மருந்து, கரண்டு எல்லாம் இதில் வரவில்லை. இந்த பணத்தில் எத்தனை தெருவிளக்கு எரியும், எத்தனை குடிநீர் குழாய் சரிபண்ணலாம் என்று யோசியுங்கள்.

அதோடு முடியவில்லை. 500 நாயை நெருக்கியடித்து ஒரே இடத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று கடித்து குதறும். ஒரு நாய்க்கு நோய் வந்தால் மொத்த கொட்டகைக்கும் பரவும். ஊரில் காலியான இடத்துக்கு பக்கத்து ஊர் நாய் வந்து சேரும். கறிக்கழிவும் ஓட்டல் இலையும் ரோட்டில் கிடக்கும் வரை நாய் வந்துகொண்டே இருக்கும். புதிதாக வந்த நாய்க்கு ஊசியும் போட்டிருக்காது, கருத்தடையும் இருக்காது. பழைய நாயே பரவாயில்லை என்கிற கதை ஆகிவிடும்.

இது ஏதோ வாதத்துக்கு சொல்வது அல்ல. சென்னை பட்டு அனுபவித்த பாடம்.

சென்னை சொல்லும் கதை

சென்னையில் ஆங்கிலேயர் காலத்தில் இருந்தே தெருநாயை பிடித்து கொல்வதுதான் வழக்கம். பிறகு கரண்டு வைத்து கொன்றார்கள். 1995 வாக்கில் சில நாட்களில் 135 நாய் வரை கொல்லப்பட்டதாக புளூ கிராஸ் அமைப்பு சொல்கிறது. இத்தனை கொன்றும் தெருவில் நாய் குறையவே இல்லை.

அந்த புளூ கிராஸ் பிறந்ததே ஒரு மழைநாளில்தான். 1959-ம் ஆண்டு விமானி கேப்டன் சுந்தரம் தி.நகர் வெள்ளத்தில் தத்தளித்த 2 நாய்க்குட்டிகளை தூக்கி வீட்டுக்கு கொண்டுபோனார். மனைவி உஷா, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வீட்டிலேயே காயம்பட்ட விலங்குகளை பார்க்க ஆரம்பித்தனர். வீடு காப்பகம் ஆனது. 1964-ல் சங்கமாக பதிவு செய்தார்கள். அவரது மகன் சின்னி கிருஷ்ணா, கொல்வதற்கு பதிலாக கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே இடத்தில் விடலாம் என்று அப்போதே சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை. 30 ஆண்டுக்கும் மேல் மல்லுக்கட்டிய பிறகு 1996-ல்தான் மாநகராட்சி ஒத்துக்கொண்டது. அதன்பின் 2001-ல் மத்திய அரசு இதையே நாடு முழுவதுக்கும் விதியாக்கியது. இப்போது நடைமுறையில் உள்ளது 2023-ல் வந்த புதிய விதி.

பலன் கிடைத்ததா? சென்னையில் 1996-ல் 120 ஆக இருந்த ரேபிஸ் சாவு 2004-ல் 5 ஆக குறைந்தது என்பது புளூ கிராஸ் சொல்லும் கணக்கு. கருத்தடையால் மட்டும் இது நடந்தது என்று சொல்லிவிட முடியாது. அந்த காலகட்டத்தில் நல்ல தடுப்பூசியும் மக்களுக்கு தாராளமாக கிடைக்க தொடங்கியது. ஆனாலும் கொன்று குவித்த காலத்தில் நடக்காதது அதன்பின் நடந்தது.

இதில் ஒரு பாதிக்கதையும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். 2018-ல் எடுத்த கணக்கில் சென்னையில் தெருநாய் 57 ஆயிரம். 2024-ல் எடுத்தபோது 1 லட்சத்து 81 ஆயிரம். கருத்தடை ஆனது 100-க்கு 27 நாய்தான். இந்த திட்டத்துக்கு பிள்ளையார் சுழி போட்ட ஊரிலேயே இந்த லட்சணம். காரணம் எளிது. 100-க்கு 70 நாய்க்காவது செய்தால்தான் பலன் தெரியும். 27 நாய்க்கு செய்தால், மிச்சம் உள்ள 73-ல் பெட்டை நாய்கள் குட்டி போட்டு கணக்கை நிரப்பிவிடும். பெட்டை நாய் 2 மாதத்தில் குட்டி போடும். ஆண்டுக்கு 2 ஈத்து. ஒரு ஈத்துக்கு 4, 5 குட்டி. ஒரு நாளில் கூட்டமாக பிடித்துவிட்டு அடுத்த 2 வருஷம் தூங்கினால் வேலைக்கு ஆகாது.

பெட்டைக்குட்டி எங்கே போகுது?

தெருநாய் எங்கே இருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. எல்லாமே தெருவில் பிறந்தது அல்ல. நம்ம வீட்டில் இருந்தும் போகிறது!

தோட்டத்து நாய் 5 குட்டி போடும். ஆண்குட்டியை கேட்டு ஆள் வருவார்கள். பெட்டைக்குட்டியை யாரும் கேட்கமாட்டார்கள். வளர்க்கவும் வழியில்லை, கொல்லவும் மனசு வராது. சாக்குப்பையில் போட்டு மார்க்கெட் பக்கமோ, பஸ் நிலையம் பக்கமோ, கால்வாய் ஓரமோ விட்டுவிட்டு வருவார்கள். "எங்கேயாவது பிழைச்சுக்கிடும்" என்று ஒரு சமாதானம். பிழைக்கிற குட்டி 10 மாதத்தில் தாயாகி விடும். பிறகு அதே நாய் தன் குட்டியை காப்பாற்ற அந்த வழியாக போகிற பிள்ளையை துரத்தும். துரத்துவது யார் வீட்டு நாயின் பேத்தியோ!

இதற்கு அந்த குடும்பத்தை மட்டும் திட்டி பிரயோஜனம் இல்லை. பெட்டை நாய்க்கு கருத்தடை ஆபரேசன் தனியாரிடம் செய்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். கூலிக்காரர் எங்கே போவார்? 2023-ம் ஆண்டு விதிப்படி வீட்டு நாய்க்கு ஊசி, பூச்சி மருந்து, கருத்தடை எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு. பொறுப்பு என்று எழுதியாகி விட்டது. அதை செய்ய கைக்கு எட்டும் தூரத்தில் இடம் வேண்டாமா? அந்த இடம்தான் ஊர் காப்பகம் ஆகவேண்டும்.

ஒரு நல்ல காப்பகத்துக்கு 2 வாசல். ஒரு வாசலில் தெருநாய் வரும், ஆபரேசன் முடிந்து போகும். அடுத்த வாசலில் வீட்டு நாய் கயிறோடு வரும், ஊசி போட்டு அதே கயிறோடு போகும். சாக்குப்பையில் போகவேண்டிய குட்டி அங்கே ஒப்படைக்கப்படும். தடுப்பூசி போட்டு, கேட்கிற வீட்டுக்கு தத்து கொடுக்கப்படும். ஆயுளுக்கும் அங்கே தங்கவேண்டியது கால் ஒடிந்தது, கண் போனது, ஆளை பார்த்தால் கடிப்பது, பள்ளிக்கூடம், பஸ் நிலையத்தில் பிடித்தது என்று கொஞ்சம்தான். அந்த கொஞ்சத்துக்கு சோறு போட ஒரு பேரூராட்சியால் முடியும். 500-க்கு முடியாது.

மசினகுடியும் கோவாவும்

சென்னை பெரிய ஊர், நமக்கு சரிப்படாது என்று நினைக்க வேண்டாம். நீலகிரி மாவட்டம் மசினகுடி நம்ம வட்டாரம் மாதிரியே காட்டு ஓர ஊர். அங்கே பக்கத்தில் 'ஐபேன்' என்ற தொண்டு அமைப்பு விலங்கு காப்பகம் நடத்துகிறது. கைவிடப்பட்ட கழுதை, குதிரை, நாய்களுக்கு அடைக்கலம் தருவது ஒரு பக்கம். சுற்றுப்பட்டு கிராம மக்கள், பழங்குடியினர் வளர்க்கும் மாடு, ஆடு, நாய்களுக்கு வைத்தியம் பார்ப்பது இன்னொரு பக்கம். நீலகிரியிலேயே டபிள்யூ.வி.எஸ். என்ற அமைப்பு கால்நடை டாக்டர்களுக்கு நாய் கருத்தடை ஆபரேசன் பயிற்சி மையம் வைத்திருக்கிறது.

காட்டு ஓரத்தில் இப்படி ஒரு இடம் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சிறுத்தைக்கு நாய் என்றால் உயிர். ஊருக்குள் நாய் கூட்டம் பெருகினால் மலையில் இருக்கும் சிறுத்தைக்கு ஊர்ப்பக்கம் வர ஆசை வரும். நாய்க்கு வரும் நோய் காட்டு விலங்குகளுக்கும் தொற்றும். நாய் எண்ணிக்கை கட்டுக்குள் இருப்பது தோட்டத்தில் படுக்கிற காவல்காரருக்கும் பாதுகாப்பு.

கோவா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2013-ல் தொடங்கிய 'மிஷன் ரேபிஸ்' திட்டத்தில் அரசோடு சேர்ந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் நாய் அளவுக்கு தெரு தெருவாக போய் ஊசி போட்டனர். பள்ளிக்கூட பிள்ளைகளுக்கு நாயிடம் எப்படி நடந்துகொள்வது என்று பாடம் நடத்தினர். நாய்களிடம் ரேபிஸ் 100-க்கு 92 பங்கு குறைந்தது. 2018, 2019-ல் அங்கே ரேபிசால் ஒரு மனித சாவுகூட இல்லை. நாய்களை மொத்தமாக அடைத்து வைத்தா சாதித்தார்கள்? தெருவில் இருந்த நாய்க்கு தெருவிலேயே ஊசி போட்டார்கள், அவ்வளவுதான்.

ஆடு, கோழி கணக்கு

நாய் பிரச்சினை என்றால் மனுசனை கடிப்பது மட்டும் அல்ல. ஆடு வளர்க்கிற வீடுகளை கேட்டால் தெரியும். பிள்ளையின் ஸ்கூல் பீஸ், கல்யாண செலவு, ஆஸ்பத்திரி செலவு எல்லாவற்றுக்கும் ஏழை வீட்டு பேங்க் ஆடுதான். 2011-ல் அரசு விலையில்லா ஆடு கொடுத்ததற்கு காரணமும் அதுதான். ஒரே ராத்திரியில் நாய் கூட்டம் பட்டிக்குள் புகுந்து 5, 6 ஆட்டை குதறிவிட்டு போனால் அந்த பேங்கே திவால்.

திருப்பூர் மாவட்டம் காங்கயம், வெள்ளகோவில் பக்கம் இந்த பிரச்சினை முற்றி, செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் போராட்டம் நடத்தினர். 2025-ல் அரசு இழப்பீடு தர முன்வந்தது. இழப்பீடு நல்லதுதான். ஆனால் செத்த ஆடு வயிற்றில் இருந்த குட்டிக்கு யார் இழப்பீடு கொடுப்பது?

வெறிநாய் கடித்தால் ஆடு, மாட்டுக்கும் ரேபிஸ் வரும், சாகும். கடிபட்ட மாட்டுக்கும் தொடர் ஊசி உண்டு என்பது பலருக்கு தெரியாது. கட்டுப்போட்டு விட்டுவிடுகிறார்கள். கோமாரி, ஆட்டுக்கொல்லி, கோழிக்கழிச்சல் ஆகியவற்றுக்கு கால்நடைத்துறை முகாம் போட்டு ஊசி போடுகிறது. அந்த முகாமுக்கு மாட்டை ஓட்டி வருகிறவர் வீட்டில் கட்டாயம் ஒரு நாயும் இருக்கும். அதையும் கூட்டிவரச் சொன்னால் ஒரே செலவில் 2 வேலை முடியும். இதற்கு புது கட்டிடமும் வேண்டாம், கோர்ட்டு உத்தரவும் வேண்டாம்.

வாசுதேவநல்லூருக்கு என்ன வழி?

தனியாக ஒரு பேரூராட்சி காப்பகம் கட்டி, டாக்டர் வைத்து நடத்துவது கஷ்டம்தான். ஆனால் நாய்க்கு பேரூராட்சி எல்லை தெரியாது. சிவகிரி, ராயகிரி, வாசுதேவநல்லூர் பேரூராட்சிகளும் புளியங்குடி நகராட்சியும் சேர்ந்து நடுவில் ஒரு இடத்தில் ஒரே மையம் அமைத்தால் செலவு பங்காகும்.

மையம் எவ்வளவு பெரிதாக வேண்டும்? ஆபரேசன் முடிந்த நாயை குறைந்தது 4 நாள் வைத்து பார்த்துவிட்டுத்தான் விடவேண்டும் என்கிறது விதி. ஒரு நாளைக்கு 5 நாய் என்று வைத்தால் 25 கூண்டு போதும். மேலே சொன்ன 500 நாய் ஊரில் 70 சதவீதம் என்றால் 350 நாய். 70 வேலை நாளில், அதாவது மூணு மாதத்தில் ஒரு ஊர் முடிந்துவிடும். பிறகு அடுத்த ஊர். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடியும் முதல் ஊரில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். புதிதாக வந்தது, தப்பியது எல்லாம் அப்போது சிக்கும். தடுப்பூசியும் ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப போடவேண்டும் அல்லவா?

டாக்டருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நெல்லை ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக்கல்லூரியே இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்கும் ஆபரேசன் அனுபவம் வேண்டும். பேசிப்பார்ப்பதில் என்ன தப்பு?

தொண்டு அமைப்பிடம் ஒப்படைக்கிற ஊர்களும் உண்டு. அதில் ஒரு உஷார் தேவை. நாய் கருத்தடை செய்கிற அமைப்புக்கு இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் கட்டாயம் வேண்டும். அது இல்லாத ஆளிடம் கொடுத்தால், நாயை பிடித்த மாதிரி போட்டோ எடுத்துவிட்டு பக்கத்து ஊர் எல்லையில் இறக்கிவிட்டு போய்விடுவார்கள். பில் மட்டும் கரெக்டாக வரும். எத்தனை நாய் பிடித்தார்கள், எத்தனை நாய்க்கு ஆபரேசன் ஆனது, எங்கே விட்டார்கள் என்ற கணக்கை மாதம் ஒருமுறை பேரூராட்சி ஆபீஸ் வாசலில் ஒட்டினால் பாதி திருட்டு நின்றுவிடும். இதை கண்காணிக்க உள்ளூர் கமிட்டி போடவேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. கமிட்டி இருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் வார்டு மெம்பர்கள் கேட்கலாம்.

ஆபரேசன் ஆன நாயை அடையாளம் காண்பது சுலபம். காதில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அதை பார்த்து "யாரோ நாய் காதை அறுத்துட்டான்" என்று பதற வேண்டாம். அந்த நாய்க்கு கருத்தடையும் முடிந்தது, அன்றைக்கு தடுப்பூசியும் போட்டாச்சு என்று அர்த்தம். நம்ம தெருவில் 10 நாயில் 7 நாய் காதில் வெட்டு இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது. 2-ல் மட்டும் இருந்தால், ஏன் என்று பேரூராட்சியில் கேட்கவேண்டும்.

சோறு வைக்கிற சண்டையும் தெருவுக்கு தெரு நடக்கிறது. ராத்திரி மிச்ச சோற்றை வாசலில் கொட்டுகிறவர் புண்ணியம் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வம்பு என்கிறார். ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூட வாசல், படிக்கட்டு, சந்து முனை வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு இடம், ஒரே நேரம். சோறு வைக்கிறவரிடம்தான் நாய் பயமில்லாமல் வரும். அதனால் நாய் பிடிக்க வருகிற நாளில் அவர் உதவி ரொம்ப முக்கியம். அவரோடு சண்டை போட்டு அனுப்பிவிட்டால் வலையோடு ஓடி ஓடி ஆள் களைத்துப்போகும், நாய் சிக்காது.

இப்போதே செய்யக்கூடியது

மையம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டு நாய்க்கு 3 மாத வயதில் முதல் வெறிநாய் தடுப்பூசி, சில வாரம் கழித்து இன்னொன்று, அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. பூனைக்கும் இதே கதைதான், பூனை கடித்தாலும் ரேபிஸ் வரும். செப்டம்பர் 28-ந்தேதி உலக வெறிநாய்க்கடி தடுப்பு தினம். அதையொட்டி அரசு கால்நடை மருந்தகங்களில் இலவச தடுப்பூசி முகாம் நடப்பது வழக்கம். ஊசி போட்ட சீட்டை ரேசன் கார்டு வைக்கிற பையிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளவும். நாளைக்கு உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அந்த சீட்டைத்தான்.

ஆடு, மாடு, நாய் அடிபட்டு கிடந்தால் கால்நடை ஆம்புலன்சை கூப்பிட போன் நம்பர் 1962. கட்டணம் இல்லாத நம்பர்.